புளி போட்டுத் தேய்த்த கோதுகள்

சமையலறை மேசையில் விரித்த துவாயில் என் துப்பாக்கி ரவைக்கோதுகள் நிரைநிரையாகக் கவிழ்ந்து கிடந்தன. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பேசின் நிறையப் புளிக்கரைசல்.

கையில் வெடிமருந்து டப்பாவோடு நின்றேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“கறுத்துப்போய்க் கிடந்தது பிள்ளை,” என்றார் அம்மா. “நாளைக்கு வெள்ளியெல்லோ. பித்தளைதானே எண்டு விளக்கோட சேர்த்துத் தேச்சுவிட்டன்.”

ஒரு கோதை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தேன். நான் பொருத்திய பிரைமர். சட்டைப் பொத்தானிலும் சின்னதான ஓர் உலோக மூடி. பிஸ்டலின் ஊசி அதில் அடித்தால்தான் தீப்பொறி. தீப்பொறி இல்லையென்றால் ரவை இல்லை.

அதன் விளிம்பில் புளிச்சக்கை ஒட்டியிருந்தது.

நனைந்த பிரைமரை நம்பக் கூடாது. சில வெடிக்கும், சில வெடிக்காது. வெடிக்காத ஒன்று ஞாயிற்றுக்கிழமை, மாநிலத் துப்பாக்கிச்சுடும் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டியில், சரியாக என் கைக்கு வரும்.

“அம்மா, என்ன செய்திருக்கிறீங்கள் எண்டு தெரியுமோ உங்களுக்கு?”

அவருக்கு எங்கே தெரியப்போகிறது. என் பிஸ்டலுக்கான ரவை கடைகளில் இல்லை. நாமே செய்து சுடலாம் என்றால் பிரைமர் இல்லை. ஏன் என்று கேட்டால் ‘யுத்தம்’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். தேடித் தேடிக் கடைசியில் துன் நகரில் ஒரு கிழவனைப் பிடித்தேன். அவன் கராஜில் பிரைமர் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. பதுக்கல்காரன்.

தனியாக விற்க மாட்டானாம். தன் பழைய புரொகிரசிவ் பிரஸ்ஸையும் வாங்கினால் ஒரேயொரு பெட்டி தருவானாம். கைப்பிடியை இழுக்க இழுக்க ஒவ்வொரு ரவையாக முழுசாய்ச் செய்து தள்ளும் இயந்திரம் அது. நல்ல சாமான்தான். ஆனால் நான் போனது பிரைமருக்கு.

“புருஷனுக்கோ?” என்று கேட்டான்.

எனக்கு என்றேன்.

என் சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்கு முதல் எந்த நாடு என்றான். ஷ்லீரன் என்று எங்கள் சுவிஸ் ஊரையே சொன்னேன். சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு பிரஸ்ஸைத் தூக்கி அவன் காலில் போட்டிருக்கவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். அம்மாவின் சாமான் வண்டிலில் வைத்துக் கட்டி, பேர்னில் ரயில் மாறி, ஒருவனும் கைகொடுக்காமல் இழுத்து வந்தேன். வீட்டு வாசலில் அம்மாதான் மற்றப் பக்கம் பிடித்துப் படியேற்றினார்.

வெடிமருந்துக்கும் தட்டுப்பாடு. அது வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பெட்டியில் இருந்த பிரைமர் அவ்வளவையும் கோதுகளில் பொருத்தி வைத்தேன். இன்று மத்தியானம் அம்மாவுக்குப் போன் எடுத்து, மருந்து கிடைத்துவிட்டது, இரவைக்கே நிரப்பப் போகிறேன் என்றேன். ‘ஓம்’ என்றார்.

“தண்ணி படக்கூடாது எண்டு சொன்னனானெல்லோ! பிரஸ் பூட்டேக்க பக்கத்தில நிண்டு இது என்ன, அது என்ன, எது இல்லாட்டி வெடிக்காது எண்டு கேட்டனீங்கள். மினக்கெட்டுச் சொல்லித் தந்தனான்!”

“மறந்துபோனன்.”

“மறப்பீங்கள்தானே. இந்தக் குடும்பத்தில முதன்முதலா கம்பஸ் வாசல் மிதிச்சு இஞ்சினியரா வந்தவள் நான். உங்களுக்கு நான் இப்பவும் வெள்ளிக்கிழமை விளக்குத்தான்!”

“சத்தம் போடாதை. கீழ்வீட்டுக்காரி ஏறி வந்திடுவாள்.”

“வரட்டும்! அவள் வந்து பாத்தா அவளுக்கே விளங்கும். உங்களுக்குத்தான் ஒண்டும் விளங்காது. சீவியத்தில ஒரு ரவைக்கோது கையில தூக்கியிருப்பீங்களோ?”

அம்மா துவாயின் மூலையில் கையைத் துடைத்தார். விரல் விரலாக, ஆறுதலாக.

“தூக்கியிருக்கிறன்,” என்றார். “ஊரில சண்டை நேரம், ஒவ்வொரு நாளும் விடிய வீட்டு முற்றம் கூட்டேக்க அள்ளிக் கொட்டுறனாங்கள்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இது விளையாட்டு!”

“ஓம். விளையாட்டெண்டுதான் சொன்னனீ.”

அதற்கு மேல் அவரோடு கதைக்க எனக்குப் பொறுமை இல்லை. துவாயோடு அவ்வளவையும் வாரி எடுத்துக்கொண்டு என் அறைக் கதவைக் காலால் தள்ளினேன்.

பிரஸ் பூட்டிய மேசையில் தட்டு வெறுமையாகக் கிடந்தது. இந்தக் கோதுகள் எல்லாம் அந்தத் தட்டில்தான் இருந்தன. அவற்றை நான் மெஷினில் போட்டு மினுக்கிவிட்டுத்தான் பிரைமர் பொருத்தினேன். காலையில் வேலைக்குப் போகும்போதும் தங்கம்போலப் பளபளத்தன.

மேசைக்குக் கீழே, என் கால் இடறியது ஒரு வாளியில்.

போன சனிக்கிழமை சுட்டு முடித்து அள்ளிவந்த கோதுகள், வாளி நிறைய. புகை படிந்து, சேறு காய்ந்து, கரிக்கறுப்பாக. புதுப் பிரைமர் இன்னும் வைக்காதவை.

அதில் ஒன்றைக்கூட அம்மா தொட்டிருக்கவில்லை.