கொடுக்காத நாலாயிரம்

"பத்தொன்பது சதவீதமா? வட்டியா இது, வழிப்பறியா?"

வெர்ன் மேஜையைத் தட்டியதில் மரிசெலின் காபி தளும்பியது.

அமெரிக்காவில் ஈரி நகரத்தில் பழைய வண்டி விற்கும் கடை அது. கடன் விஷயமெல்லாம் மரிசெல் கையில். மேஜையைத் தட்டுகிறவர்களைத் தினமும் பார்ப்பவள், காகிதத்தை எடுத்து நிதானமாகக் காபியைத் துடைத்தாள்.

"திவாலானவங்களுக்கு எங்க கடையில அதுதான் சார் ஆரம்ப வட்டி."

"திவாலாகி மூணு வருஷம் ஆச்சும்மா. செத்தவனுக்குக்கூட இத்தனை நாள் அழ மாட்டாங்க."

பக்கத்து நாற்காலியில் அவன் அக்கா டோரீன் வாட்ச்சைப் பார்த்தாள். "ரெண்டரைக்கு நான் ஸ்கூல் பஸ்ஸை எடுக்கணும். சண்டையைச் சீக்கிரம் போட்டு முடி."

வெர்னுக்கு வண்டி கிடையாது. அக்கா காரில்தான் வந்திருந்தான். வருகிற வழியிலேயே பெட்ரோலுக்கென்று ஆறு டாலர் கறந்துவிட்டாள்.

அந்த எரிச்சலில் மரிசெலிடம் சொன்னான். "இவ என் கூடப் பொறந்தவ. என் கூரை வேலை கம்பெனி முழுகப் போறப்போ, ஆளுங்களுக்குச் சம்பளம் போட நாலாயிரம் டாலர் கேட்டேன். பேங்க்ல பணத்தை வச்சுக்கிட்டே கையை விரிச்சா."

"ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தச் சொன்னே. மாட்டேன்னேன்."

"அடுத்த மாசமே மஞ்சக் கடுதாசி. அஞ்சு வேனும் போச்சு."

"தெரியும்டா. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சொல்றியே."

அன்றிலிருந்து தன் வயதில் பாதி வயதுக்காரனிடம் கூலிக்கு ஏணி தூக்கிக்கொண்டிருக்கிறான் வெர்ன். இப்போதுதான் சொந்தமாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் நாற்பது வீடுகளுக்குக் கூரை மாற்ற வேண்டும். வேனோடு வந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். வட்டி பத்தொன்பது என்றால் மாதத் தவணை அவனுக்கு எட்டாது.

"இந்தாம்மா, ஊருக்கெல்லாம் சொல்ற வட்டியை எனக்குச் சொல்லாதே. என் கிரெடிட் ஸ்கோரைத் தட்டிப் பாரு. அப்புறம் பேசு."

வாய்தான் அப்படிச் சொன்னது. கோர்ட் படி இறங்கிய நாள் முதல் அந்த ஸ்கோரை எட்டிப் பார்க்கக்கூட அவனுக்குத் தைரியம் வந்ததில்லை.

மரிசெல் தட்டினாள். புருவம் உயர்ந்தது.

"அறுநூத்தி எழுபத்தொண்ணு! திவாலானவருக்கு இது ரொம்ப நல்ல ஸ்கோர் சார். பதினொரு சதவீதத்துக்கே தரலாம்."

வெர்ன் எழுந்தே விட்டான். பர்ஸிலிருந்து ஒரு கார்டை உருவி மேஜைமேல் அடித்தான்.

"இதுதான்மா! ப்ரீபெய்ட் கார்டு. இதை ஒழுங்கா வச்சுக்கிட்டா ஸ்கோர் தானா ஏறும்னு முடிவெட்டுற கடையில ஒருத்தன் சொன்னான். வெள்ளிக்கிழமை கூலி வந்ததும் இதுல ஏத்திடுவேன். வாடகை, போன், சாப்பாடு எல்லாம் இதுலேருந்துதான். மூணு வருஷத்துல ஒரு பில் ஒரு நாள் தள்ளிப் போனதில்லை." அக்கா பக்கம் திரும்பினான். "எவ தயவும் இல்லாம எந்திரிச்சு நின்னுட்டேன். நல்லாப் பார்த்துக்கோ."

"பார்த்தேன், பார்த்தேன். கையெழுத்தைப் போடு, போகலாம்." டோரீன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏன், வயித்தெரிச்சலா?" வெர்ன் மறுபடி உட்கார்ந்தான். பேரத்தில் ருசி கண்டுவிட்டான். "பதினொண்ணும் அதிகம்மா. ஒன்பது போடு. இந்தக் கார்டை நான் எப்படி நடத்தியிருக்கேன்னு அங்கே எழுதியிருக்கும், பாரு."

"வேண்டாம்டா. கிடைச்சதை வாங்கிட்டுக் கிளம்பு."

"நீ சும்மாயிரு. நீ பாரும்மா."

மரிசெல் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"சார், இந்தக் கார்டு இங்கே எங்கேயுமே இல்லையே."

"என்னது?"

"உங்க பணத்தை நீங்களே போட்டு, நீங்களே எடுக்கிறீங்க. யாரும் உங்களுக்குக் கடன் கொடுக்கலை. வாங்காத கடனை ஒழுங்காக் கட்டினார்னு யார் எழுதுவாங்க? நல்ல பழக்கம்தான், இல்லேங்கலை. ஆனா ஸ்கோருக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அப்போ அறுநூத்தி எழுபத்தொண்ணு என்ன ஆகாசத்துலேருந்து குதிச்சுதா?"

"ஒரே ஒரு கார்டு இருக்கு. அதுவும் உங்களோடது இல்லை. யாரோ அவங்க கிரெடிட் கார்டுல உங்க பேரையும் சேர்த்திருக்காங்க. பதினாறு வருஷத்துக் கார்டு, ஒரு மாசம்கூடத் தவறலை. அவங்க சம்பாதிச்ச நல்ல பேர்தான் உங்க மேலேயும் ஒட்டியிருக்கு."

"யாரு அது?"

"பேர் இதுல வராது சார். ஆனா உங்க கேஸ் முடிஞ்ச மூணாவது மாசமே சேர்த்திருக்காங்க."

வெர்ன் யோசித்தான். அந்த நாட்களில் அவன் போனை எடுத்துப் பேசக்கூட ஆள் கிடையாது. ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

மரிசெல் சிரித்தாள். "யாரோ சரியான ஏமாளி சார். பேங்க்ல இருந்து உங்க பேருக்கும் தனியா ஒரு கார்டு அனுப்பியிருப்பாங்க. அதை வச்சு நீங்க பத்தாயிரம் டாலருக்குச் செலவு பண்ணியிருந்தா, மொத்தமும் அவங்க தலையில விடிஞ்சிருக்கும். திவாலான ஆளை நம்பி யாராவது இப்படிக் கழுத்தை நீட்டுவாங்களா?"

கதவுவரை போய்விட்ட டோரீன் விருட்டென்று திரும்பினாள். பிறந்ததிலிருந்து அவளை ஒருவரும் ஏமாளி என்று சொன்னது கிடையாது.

"யாரும்மா ஏமாளி? இவன் பேருக்குக் கார்டு என் வீட்டுக்குத் தபால்ல வந்த அன்னிக்கே, கத்தரிக்கோலை எடுத்து நாலா வெட்டிக் குப்பையில போட்டுட்டேன்!"