கண்ணில் விழுந்த கரித்தூள்

கரோல் பாக்கில் எங்கள் மாடிவீட்டு வைத்தீஸ்வரன், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சிவந்த கண்ணைக் காட்டினார்.

"ராஜஸ்தான் அல்வர் வரைக்கும், டூரிஸ்ட்டுக்குன்னு விடற பழைய நீராவி ரயில் சவாரி ஓய்! ஜன்னலோரம். கரித்தூள் விழுந்துடுத்து."

கட்டடமே வரிசையில் நின்று அந்தக் கண்ணைத் தரிசித்தது. என் வயிற்றெரிச்சலில் இன்னொரு நீராவி ரயிலைக் கல்கத்தா வரை ஓட்டியிருக்கலாம்.

"ரிடையராகி நீங்க கத்திரிக்காய் வாங்க சப்ஜி மண்டி வரைக்கும்தான் போறேள்," என்றாள் மனைவி.

பொறாமை தாங்காமல் வைத்தீஸ்வரனின் இமையை விரித்துத் தேடினேன். தூளே இல்லை.

இரண்டாம் நாள் என் கண்ணும் சிவந்தது. டாக்டரிடம் ஓடினால், அங்கே எங்கள் கட்டடமே கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மெட்ராஸ் ஐ. ஒருத்தர்கிட்டேருந்து ஒட்டிண்டு வரும்," என்றார் டாக்டர்.

வெளியே எதிர்த்தெரு சேஷாத்ரி, "கண்ல என்ன ஓய்?" என்றார்.

"அதையேன் கேக்கறீர்! நீராவி ரயில், ஜன்னலோரம்..."