பாலத்துக் காட்சி

மார்ச் 3. நாவலாசிரியரின் குறை இதுதான்: அவருக்கு விருது அறிவித்த நடுவர்கள் அவருடைய நாவலைப் படிக்கவே இல்லை.

"பாலத்துல அண்ணனும் தங்கையும் பிரியற காட்சி அற்புதம்னு நடுவர்கள் எழுதியிருக்காங்க. என் கதையில பாலமே கிடையாதே. அது என் நாவலை டிவி சீரியலா எடுத்தவங்க கட்டினது. விருது வேண்டாம்னு எழுதிடப்போறேன்" என்று பதிப்பாளரிடம் பொரிந்து தள்ளினார்.

பதிப்பாளர் தொண்டையைச் செருமினார். "அவங்க படிச்சிருக்காங்க சார். சீரியல் பார்த்தவங்க தேடுறாங்கன்னு புதுப் பதிப்புல நாங்கதான் பாலத்தைச் சேர்த்தோம். அச்சுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்பினோமே. 'முழுதும் படித்தேன், பிழையில்லை'ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க."

அட்டையில் சீரியல் நடிகையின் படத்தைக் கண்ட எரிச்சலில், ஒரு பக்கத்தையும் புரட்டாமல் கையெழுத்திட்டது அவருக்கு நினைவு வந்தது.

பழைய பதிப்பை வைத்திருக்கும் வாசகர்களே, பாலமில்லாத அந்தக் கதையை நீங்களாவது படியுங்கள்.