பொம்மை போட்டிருந்த கோட்டு

மூன்றாவது கோட்டும் என்னைக் கைவிட்டது.

தோள்பட்டை முழங்கையைப் பார்க்க இறங்கியது. இடுப்பில் பட்டன் போட முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால், அப்பாவின் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட நாடகத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி இருந்தேன்.

"அடுத்ததப் போட்டுப் பாருங்க தம்பி," என்றார் கடைக்காரர்.

தம்பி என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பொருந்தாத கோட்டு நாலு வாங்கலாம் என்று இருந்தது.

அந்த மாலில் அப்போது இருந்த ஒரே வாடிக்கையாளர் நான்தான். நகரும் படிக்கட்டு நகர்வதை எப்போதோ விட்டுவிட்டு, சாதாரணப் படிக்கட்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. முக்கால்வாசிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியாகிவிட்டது. உள்ளே நுழைந்தபோது, யாரைத் தேடி வந்தேன் என்று செக்யூரிட்டி அக்கறையாக விசாரித்தார்.

முதலில் மூடியது மேல் மாடியில் இருந்த பெண்கள் துணிக்கடை. ஊரே உச்சுக்கொட்டியது. நான் மட்டும் உள்ளுக்குள் குத்தாட்டம் போட்டேன். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய், பூப்போட்டதாகப் பார்த்து எடுத்து, என் மேல் வைத்து வைத்து அழகு பார்த்த இடம் அது.

நான் நானான பிறகும் துணி விஷயத்தில் விடிவு இல்லை. ஆண்கள் பிரிவில் எதுவும் எனக்குச் சேராது. சேர்வதெல்லாம் சிறுவர் பிரிவில்தான் கிடைக்கும், சட்டைப் பையில் ஒரு டைனோசரோடு.

டைனோசரோடு போய்ப் பெண் கேட்க முடியாது.

ஆமாம், மறுநாள் காலை பெண் கேட்கப் போக வேண்டும். அவள் எப்போதோ சரி சொல்லிவிட்டாள். பாக்கி அவளுடைய அப்பாதான். அவரிடம் கேட்பதற்கு முன்னால், நான் ஒரு திருநம்பி என்பதை நானே என் வாயால் சொல்லியாக வேண்டும். 'அத நீதான் சொல்லணும்' என்று அவள் கறாராக இருந்தாள். ஒரு வாரமாகக் குளியலறையில் ஒத்திகை நடக்கிறது. 'சார், நான் ஒரு' என்பது வரைக்கும் தடங்கலில்லாமல் வரும். அதற்கு மேல் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்க ஆரம்பித்துவிடுவேன்.

இதற்குப் போய் ஈயோட்டுகிற மாலுக்குத்தான் வர வேண்டுமா, ஊரில் வேறு கடையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

கடைக்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். தோளை அளந்தார். மார்பை அளந்தார். இடுப்புக்கு வந்ததும் டேப் கொஞ்சம் நின்றது. மறுபடியும் தோளுக்குப் போனார்.

"என்ன விசேஷம் தம்பி?"

"பொண்ணு கேக்கப் போறேன் சார்."

"பொண்ணோட அப்பா எப்படி?"

"கொஞ்சம் முன்கோபின்னு சொன்னா."

"யாரு சொன்னா?"

"பொண்ணுதான் சார்."

"ஓஹோ," என்றவர் டேப்பை ஒரு பிடி கூடுதலாகவே இறுக்கினார். எனக்கு மூச்சு முட்டியது.

பிறகு வாசல் பக்கம் நடந்தார். அங்கே கண்ணாடிக்குப் பின்னால், கருநீலக் கோட்டு போட்ட பொம்மை ஒன்று நின்றது. வரும்போதே பார்த்திருந்தேன். தலை இல்லை, ஆனாலும் அப்படியொரு மிடுக்கு. அதன் கோட்டைக் கழற்றினார்.

உள்ளே இருந்தது பெண் பொம்மை.

"மேல் மாடியக் காலி பண்ணப்போ இதத் தூக்கிப் போட இருந்தாங்க. எங்கிட்ட இருந்த ஆம்பளப் பொம்மைக்குக் கால் ஒடிஞ்சிருந்துச்சு. சரி வா, நம்ம கடைக்குன்னு கூட்டிட்டு வந்துட்டேன். தோளப் பிடிச்சு, இடுப்ப விட்டு, இதுக்குன்னே தச்சேன். வாசல்லயேதான் நிக்குது. ஒருத்தனாவது ஏன் எதுக்குன்னு கேட்டானா? கோட்டு நல்லாருக்குங்கிறான், அவ்வளவுதான்."

என்னைப் போலவே மேல் மாடியிலிருந்து தப்பி வந்த ஆசாமி. அதற்கு மனதுக்குள் ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினேன்.

தோள் தோளிலேயே நின்றது. பட்டன் எந்தத் தகராறும் பண்ணாமல் போய் உட்கார்ந்தது.

கண்ணாடியில், பெண் கேட்கப் போகிற ஒருத்தன் நின்றான். இத்தனை வருஷத்தில் துணிக்கடைக் கண்ணாடி ஒன்றின் முன்னால் எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வேகத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், நான் ஒரு திருநம்பி."

சொல்லிவிட்டேன். முழுசாகச் சொல்லிவிட்டேன்.

"அளவெடுத்தவனுக்குத் தெரியாதா? கைய நீட்டுங்க," என்றார். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, கை நீளத்தை மடித்துக் குத்த ஆரம்பித்தார்.

கோட்டு கொடுத்த தைரியம் இன்னும் மிச்சமிருந்தது.

"இதக் கேட்டா பொண்ணோட அப்பா என்ன சார் சொல்வாரு?"

வாயில் ஊசி. அவரால் பதில் சொல்ல முடியாது. ஒரு கையை முடித்தார். அடுத்த கைக்கு வந்தார். அதையும் நிதானமாக முடித்தார். எனக்கோ உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் மிச்ச ஊசிகளை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, இரண்டடி தள்ளி நின்று, தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார்.

"போட்டோல இன்னும் கொஞ்சம் உயரமாத் தெரிஞ்ச," என்றார். "நாளைக்கு எங்க வீட்டுக்கு வரும்போது காலிங் பெல்ல அடிச்சிட்டு நின்னுட்டே இருக்காத. அது வேலை செய்யாது. கதவத் தட்டு."