மூடாத பக்கம்

கணினி ஆமையாக ஊர்ந்ததால் பெரியவர் மருமகளைக் கூப்பிட்டார். இணையத்தில் திறந்த பக்கம் எதையும் அவர் மூடுவதில்லை. வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவது போலாகும் என்பார்.

"இவ்வளவு பக்கத்தைத் திறந்து போட்டா எப்படி மாமா ஓடும்? இது கம்ப்யூட்டரா, சந்தைக்கடையா?"

"வாயைக் குறைச்சு வேலையைப் பாரும்மா."

அவள் ஒவ்வொன்றாக மூடினாள். ஒரு பக்கம் மட்டும் மூட மூடத் திரும்பி வந்தது. அதற்கு முகவரி இல்லை. படம் ஒன்று மேலிருந்து கீழாக, நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் இதே அறையின் நீலத் திரைச்சீலை தெரிந்தது. பிறகு ஒரு பெண்ணின் வகிடு, நெற்றி, இடப் புருவத்தில் தழும்பு.

பெரியவரின் மகள். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவள் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக்கூடாது. போன வருடம் அவள் சாவுக்கும் அவர் போகவில்லை. குடும்ப மானம் என்றார்.

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "இதுதான் மாமா எல்லாத்தையும் இழுத்துப் பிடிக்குது. ஒரேயடியா ஆஃப் பண்ணிடவா?"

"வேணாம்."

"அப்புறம் மெதுவாத்தான் வரும்."

"வரட்டும். எனக்கென்ன, ரயிலா பிடிக்கணும்?"

கண்கள் வந்தன. உதடுகள் வந்தன. நீட்டிய கை வந்தது. அது முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரின் தோளில் பதிந்திருந்தது. அந்தத் தோளில், இன்று காலை பெரியவர் போட்ட கோடுபோட்ட சட்டை.

திரைக்கு முன் உட்கார்ந்திருந்த அவருடைய தோளிலும் துணி மெல்ல அமுங்கியது. பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. விறைத்த முதுகைச் சற்றுத் தளர்த்தி, தோளை மட்டும் தாழ்த்திக் கொடுத்தார்.