கஸ்டமர் ஸ்டூல்

சொர்ணத்தாய் ஒன்பது வருடமாகத் திருநெல்வேலித் துணிக்கடை ஒன்றில் நின்றபடியே பட்டுச்சேலை விரிக்கிறாள். இடுப்பிலிருந்து குதிகால்வரை எரியும் அவளுடைய வலி எந்த ஸ்கேனிலும் தெரிந்ததில்லை.

"குத்துக்கல்லு மாதிரி நிக்க, எங்க இருக்கு வலி?" என்பார் மேலாளர் ஜெபராஜ். கஸ்டமர் ஸ்டூலில் உட்கார்ந்த பெண்ணை மறுநாளே வேலையைவிட்டு நிறுத்தியவர் அவர்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. ஊழியரின் வலியைப் பொய் என்பவர், அதைப் பத்து நிமிடம் தானும் பட்டுப் பார்க்க வேண்டும். தன் வலியை ஜோடிப் பட்டை கட்டியவருக்கும் அப்படியே உணர்த்தும் வலிப்பட்டை ஒன்றைச் சொர்ணத்தாய் கையில் கட்டினாள். ஜோடிப் பட்டையை ஜெபராஜ் சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டார்.

அவள் வழக்கம்போல் சேலைகளை விரித்தாள். மூன்றாவது சேலையில் அவர் சிரிப்பு நின்றது. ஆறாவதில் மேசையைப் பிடித்துக்கொண்டார். எட்டாவது சேலையின் முந்தியை அவள் உதறி விரித்தபோது, வேர்த்து விறுவிறுத்துப் பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சார், அது கஸ்டமர் உக்காருத ஸ்டூலுல்லா?" என்றாள் சொர்ணத்தாய்.

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஒன்பதாவது சேலையை உட்கார்ந்துகொண்டே விரித்தாள்.