சூடாகிற போர்டு

சிவராமனின் கம்ப்யூட்டரில் மதர்போர்டு போனது இது இரண்டாவது தடவை. புதியது வாங்க வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பியவனோடு, கேம் என்றாலே முகம் சுளிக்கிற மனைவி ரோகிணியும் அதிசயமாகப் பஸ் ஏறினாள்.

கடைக்காரர் அருள்தாஸ் பழைய போர்டைத் திருப்பிப் பார்த்தார். மூலையில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

“பனி சார். ஈரம் எறங்கி பூத்துப்போய்க் கெடக்கு” என்றவர், இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். “இது சாதாரண போர்டு. அவ்வளவா சூடாகாது, ரொம்ப நாள் ஒழைக்கும். அது கேமுக்குன்னே வந்தது. வேகமா ஓடும், ஆனா அடுப்பு மாதிரி கொதிக்கும்.”

சிவராமனின் கண் இரண்டாவதில்தான் இருந்தது. மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

“சாதாரணமே போதுங்க” என்று முனகினான்.

“எதுக்கு? அந்தக் கேம் போர்டையே குடுங்கண்ணே” என்றாள் ரோகிணி. “வாங்குறதுதான் வாங்குறோம், அவுக ஆசைப்பட்டதையே வாங்கிக்கிறட்டும்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி அவன் பக்கம் பேசியதில்லை. திரும்பி வரும்போது ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தான்.

சாயங்காலம் கேம் பிரமாதமாக ஓடியது. நடுவில் காபி குடிக்க எழுந்து போனவன், திரும்பி வந்து அப்படியே நின்றுவிட்டான். கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில், தட்டு போட்டு மூடிய பாத்திரம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

“என்ன இது?”

“இட்லி மாவு. இந்தக் குளிர்ல வேற எங்க வச்சாலும் பொங்க மாட்டேங்குதுங்க. நீங்க பாட்டுக்கு வெளையாடுங்க. இந்தத் தடவை பெரிய பாத்திரமாத்தான் வச்சிருக்கேன், வழியாது.”